"இங்க இருக்கும்போது நல்லா தான இருந்தா?"

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல கைக்குழந்தைய தூக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கு போறவங்களுக்குன்னு அரைப்பக்கம் டிப்ஸ் வந்துச்சு, படிச்சேன். குறை சொல்லணும்னு எழுதல, உபயோகமான விஷயம் தான். எத்தன டயப்பர் எடுத்துக்கணும், மாத்து துணி எத்தன வேணும், பாட்டில எப்படி கழுவணும்னு எல்லாம் வரிசையா போட்டிருந்தீங்க. ஆனா எல்லாமே போய் சேர்ற வரைக்கும் தான். அப்பறம் "பயணம் இனிதாகட்டும்"னு முடிச்சிட்டீங்க. திரும்பி வந்து, கதவ தொறந்து, பைய ஒரு மூலைல தூக்கி போட்டுட்டு, குழந்தைய கீழ படுக்க வெச்ச உடனே அது வீல்னு கத்த ஆரம்பிக்குமே, அந்த நிமிஷத்துல இருந்து அடுத்த ரெண்டு வாரம் என்ன நடக்கும்னு ஒரு வரி கூட இல்ல. என்ன கேட்டா பாதி கஷ்டம் அங்க தான் இருக்கு. அதான் இந்த லெட்டர். நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க, ஒரு கைல பாப்பா ஒரு கைல போன், விட்டு விட்டு டைப் பண்றேன்.

பாப்பாவுக்கு நாலு வாரம் முடிஞ்ச உடனே மாமியார் வீட்டுக்கு கிளம்பினோம். இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு, முதல் தடுப்பூசி எல்லாம் போட்டுட்டு போங்கன்னு தான் டாக்டர் சொன்னாங்க, உண்மைய மறைக்க விரும்பல. மாமாவுக்கு முட்டில ஆபரேஷன் ஆகி அவங்களால வர முடியல, பேத்திய போன்லயே பாத்து பாத்து அவரு ஏங்கி போயிட்டாரு, சரி 13 நாள் தானேன்னு கிளம்பிட்டோம். ஆறு வாரம் முடியும்போது தடுப்பூசி போடணும், அதுக்குள்ள திரும்பிடணும், அது மட்டும் தான் டாக்டர் கண்டிப்பா போட்ட கண்டிஷன்.

போன கதைய சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அத பத்தி தான் எல்லாரும் எழுதறாங்களே. ரெண்டு மணி நேரம் ஃப்ளைட், அப்பறம் மூணு மணி நேரம் கார். ஃப்ளைட்ல எத்தன நாள் குழந்தைய ஏத்துவாங்கங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலர் 7 நாள்ங்கறாங்க, சிலர் 14 நாள்ங்கறாங்க, சிலர் டாக்டர் சர்டிஃபிகேட் கேக்கறாங்க, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். காது வலி மேட்டர்ல நான் ஒரு தப்பு பண்ணேன். மேல ஏறும்போது பால் குடுத்தா போதும்னு நெனச்சு அப்பவே முழுசா குடுத்துட்டேன், வயிறு நெறஞ்சு தூங்கிட்டா. ஆனா காது அதிகமா வலிக்கறது இறங்கும்போது தான். தொண்டையையும் காதையும் இணைக்கற அந்த சின்ன குழாய் குழந்தைங்களுக்கு ரொம்ப குறுகல், நம்மள மாதிரி எச்சில முழுங்கியோ கொட்டாவி விட்டோ சரி பண்ணிக்க அதுங்களுக்கு தெரியாது, எதையாவது சப்பி முழுங்கினா தான் காத்து சமமாகும். தரைய தொடறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே ஃப்ளைட் கீழ இறங்க ஆரம்பிச்சிடும், நம்ம ஆளுங்க சக்கரம் இறங்கற சத்தம் கேட்ட அப்பறம் தான் பால் குடுக்க மறைச்சுக்கற துணிய தேடுவாங்க. வரும்போது கரெக்டா இறங்கறப்ப பால் குடுத்தேன், முனகல் கூட இல்ல.

கார்ல ஒரே ஒரு விஷயம் சொல்றேன். மடில வெச்சுக்கிட்டு போறது தான் பாசம்னு நெனைக்கறாங்க பாருங்க, திடீர்னு பிரேக் அடிச்சா எந்த அம்மா கையும் நிக்காது. பின்பக்கம் பாத்து உக்கார்ற மாதிரியான குழந்தை சீட் தான் சரி. அதுலயும் ரொம்ப நேரம் தொடர்ந்து வெக்கக்கூடாது, தலை நிக்காத குழந்தை, தூக்கத்துல தாடை நெஞ்சுல இடிச்சுக்கிட்டா மூச்சு வாங்கறது சிரமம், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி, வெளிய எடுத்து, கொஞ்சம் நிமித்தி படுக்க வெக்கணும். அம்மாவும் இறங்கி நாலு எட்டு நடக்கணும். பிரசவம் ஆன முதல் ஆறு வாரம் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து சாதாரண நேரத்த விட ரொம்பவே ஜாஸ்தி, மணிக்கணக்கா காலை மடக்கி உக்காந்தா அது இன்னும் கூடும். இத யாரும் சொல்றதே இல்ல, குழந்தை குழந்தைன்னு அவள பத்தியே பேசறாங்க, பெத்தவளுக்கும் ஒரு உடம்பு இருக்குங்கறது மறந்து போகுது.

அங்க போய் சேந்தாச்சு. வீட்டுல மொத்தம் ஒன்பது பேர். காலைல கண் முழிச்சா பாப்பா என் பக்கத்துல இருக்க மாட்டா, யாராவது தூக்கிட்டு போயிருப்பாங்க. அத்தை தோள்ல, நாத்தனார் மடில, நாத்தனார் பொண்ணு கைல (அவளுக்கு 11 வயசு, உக்காந்துக்கிட்டா மட்டும் தான் குடுப்போம்), அப்பறம் சாயங்காலம் மாமாகிட்ட. மாமாவால நடக்க முடியாது, நாற்காலில சாஞ்சு உக்காந்து பாப்பாவ நெஞ்சு மேல குப்புற போட்டுக்கிட்டு பேப்பர் படிப்பாரு, அதுவும் சத்தமா படிப்பாரு, அதுவும் விளையாட்டு பக்கம் மட்டும். எத்தன ரன், எத்தன விக்கெட், யாரு எப்படி அவுட்டுன்னு ஒரே சுருதில போயிட்டே இருக்கும், பாப்பா வாய பொளந்துக்கிட்டு தூங்குவா. நான் தள்ளி உக்காந்து ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருப்பேன். பாசத்துல இல்லங்க, பயத்துல. அவரும் தூங்கிட்டாருன்னா உடனே போய் எடுத்துடுவேன், ஏன்னா சோஃபாலயும் நாற்காலிலயும் பெரியவங்க குழந்தையோட சேந்து தூங்கி போறது தான் இருக்கறதுலயே ஆபத்தான தூக்கம், இடுக்குல சரிஞ்சு மூச்சு அடைச்சிடும். முதல்ல அவருக்கு கோவம் வந்துச்சு, அப்பறம் அவரே கண்ணு சொக்க ஆரம்பிச்சா "அம்மாடி வந்து எடுத்துக்கோ"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு.

ராத்திரி எங்க படுக்க வெக்கறதுங்கறதுலயும் ஒரு பஞ்சாயத்து. பெரிய கட்டில்ல நடுவுல போட்டு சுத்தி தலகாணி அண கட்டி வெச்சிருந்தாங்க. நான் தரைல கெட்டியா சமமா ஒரு விரிப்பு போட்டு, தலகாணி போர்வை எதுவும் இல்லாம மல்லாக்க தான் படுக்க வெச்சேன். "மல்லாக்க போட்டா பால் எதுக்களிச்சு மூச்சுல ஏறிடும்"னு ஆளாளுக்கு சொன்னாங்க. அந்த பயம் பழைய பயம். அமெரிக்காவுல 1992ல குழந்தை டாக்டர்கள் சங்கம் குப்புற படுக்க வெக்காதீங்கன்னு சொல்லி, 1994ல அத பெரிய பிரச்சாரமாவே நடத்தி, அப்பறம் வந்த பத்து வருஷத்துல காரணமே தெரியாம தூக்கத்துல குழந்தை செத்து போற கணக்கு ஏறக்குறைய பாதியா குறைஞ்சிடுச்சு. மூச்சு அடைச்சு சாகறதும் அதனால கூடல. இத அத்தைகிட்ட சண்ட போடற மாதிரி சொல்லல, டாக்டர் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னேன். மருமக சொன்னா ஆர்க்யூமெண்ட், டாக்டர் சொன்னா அட்வைஸ், அவ்ளோ தான்.

ஒரே ஒரு சங்கடம் நடந்துச்சு. பாக்க வந்தவங்கள்ல ஒருத்தரு, தூரத்து சொந்தம், லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே வந்து, கைய கூட கழுவாம பாப்பா முகத்துக்கிட்ட குனிஞ்சு கன்னத்துல ஒரு முத்தம். எனக்கு வயித்துல பகீர்னு இருந்துச்சு. பெரியவங்களுக்கு ரெண்டு வாரம் இழுக்கற இருமலா இருக்கறது, தடுப்பூசி போடாத குழந்தைக்கு கக்குவான் இருமலா வந்தா இரும கூட தெம்பில்லாம மூச்சே நின்னு நின்னு வரும். உதட்டு ஓரத்துல வர்ற காய்ச்சல் புண்ணு கூட அப்படித்தான், நமக்கு அசிங்கமா தெரியறதோட சரி, பச்ச குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. நான் வாய தொறக்கறதுக்குள்ள என் வீட்டுக்காரரு "பாப்பாவுக்கு இன்னும் ஊசி போடல, தள்ளி நின்னு பாருங்க"ன்னு சொல்லி வாங்கிட்டாரு. அவரு சொன்னதால விஷயம் முடிஞ்சுது, நான் சொல்லியிருந்தா இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கும். புருஷன் வீட்டு ஆளுங்ககிட்ட சொல்ல வேண்டியத புருஷன் தான் சொல்லணும், இத மட்டும் கொட்ட எழுத்துல போடுங்க. அப்பறம் நாலஞ்சு நாள் நான் தெர்மாமீட்டரோட தான் திரிஞ்சேன். மூணு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே அது அவசரம், மருந்து குடுத்து வீட்டுலயே வெச்சு பாக்கலாம்ங்கற பேச்சே கிடையாது, நடு ராத்திரியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடணும். நல்ல வேள, எதுவும் வரல.

மத்தபடி அந்த 13 நாள் சொர்க்கம், அதையும் சொல்லணும் இல்ல? நான் குளிச்சு முடிச்சு தலைய காய வெச்சேன்ங்க. ரெண்டு கையாலயும் சாப்ட முடிஞ்சுது. பாப்பா அழுதா நான் எழுந்திரிக்கறதுக்குள்ள யாராவது தூக்கிடுவாங்க.

இப்ப திரும்பி வந்த கதை.

வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். முதல் ராத்திரி பயண அலுப்புல எல்லாரும் தூங்கிட்டோம், பரவால்லயேன்னு நெனச்சேன். திங்கக்கிழமை அவரு வேலைக்கு போயிட்டாரு. கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு, அப்பறம் வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. அப்ப ஆரம்பிச்சா பாருங்க. கீழ வெச்சா அழுகை, தூக்கினா நிறுத்தறா, உக்காந்தா மறுபடியும் அழுகை, நின்னா நிறுத்தறா. சாயங்காலம் அஞ்சு மணில இருந்து எட்டு எட்டரை வரைக்கும் எதுக்குமே நிறுத்தல. டயப்பர் பாத்தாச்சு, பால் குடுத்தாச்சு, ஏப்பம் எடுத்தாச்சு, சட்டைல எங்கயாவது நூல் விரல்ல சுத்தியிருக்கான்னு ஒவ்வொரு விரலா பிரிச்சு கூட பாத்தாச்சு. மூணாவது நாள் ராத்திரி 3 மணிக்கு அவ முழிச்சுக்கிட்டு சுத்தற ஃபேன அமைதியா பாத்துக்கிட்டு இருக்கா, நான் சுவத்துல தலைய சாச்சுக்கிட்டு அவள பாத்துக்கிட்டு இருக்கேன், அவ கண்ணுல தூக்கத்துக்கான அறிகுறியே இல்ல, எனக்கு அழுகை வந்துடுச்சு. இதுக்கு நடுவுல தடுப்பூசி வேற போட்டாங்க, அன்னிக்கு தொடை தொட்டா கத்தல்.

தினமும் காலைல போன் வரும். அத்தை தான். "பாப்பா எப்படிம்மா இருக்கா?" "அழுதுக்கிட்டே இருக்கா அத்தை, ராத்திரி எல்லாம் தூங்கவே இல்ல." அந்த பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. அப்பறம் அந்த வரி வரும்.

"இங்க இருக்கும்போது நல்லா தான இருந்தா?"

அவங்க குத்தி காட்டணும்னு சொல்லல, எனக்கு தெரியும். ஆனா தூக்கமே இல்லாத ஒருத்தி காதுல அது "உனக்கு பாத்துக்க தெரியல"ன்னு தான் விழும். இந்த பக்கம் எங்க அம்மா போன் பண்ணா வேற மாதிரி: "கைச்சூடு பழக்கி விட்டுட்டாங்க, இப்ப நீ தான் அனுபவிக்கற." எங்க அம்மாவுக்கு மாமியார் வீடு குத்தம், அத்தைக்கு எங்க வீடு குத்தம்.

நான் பாப்பாவோட டாக்டர்கிட்ட ஊசி போட போனப்ப இத கேட்டேன். அவங்க சொன்னத வெச்சு அப்பறம் நானும் தேடி படிச்சேன். 1962ல பெர்ரி பிரேசல்டன்னு ஒரு அமெரிக்க குழந்தை டாக்டர், 80 குழந்தைங்களோட அம்மாங்கள தினமும் எவ்வளவு நேரம் அழுதுச்சுன்னு எழுதி வெக்க சொல்லி கணக்கு எடுத்திருக்காரு. நல்ல ஆரோக்கியமான குழந்தைங்க தான் எல்லாமே. அழுகை பொறந்ததுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறி, ஆறாவது வாரத்துல உச்சிக்கு போயி, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம் வரைக்கும் போயி, அப்பறம் தானா இறங்கிடுது. அதுலயும் சாயங்காலம் தான் ஜாஸ்தி. நாங்க எப்ப திரும்பி வந்தோம்? ஆறாவது வாரம். அதாவது நாங்க எங்கயுமே போகாம வீட்டுலயே உக்காந்து இருந்திருந்தாலும் பாப்பா அந்த வாரம் கத்தி தான் இருப்பா. பயணத்து மேல பழி, மாமியார் வீட்டு மேல பழி, என் மேல பழி, கடைசில பாத்தா காலண்டர் மேல போட வேண்டிய பழி.

அப்ப அங்க ஏன் அழல? அதுக்கும் பதில் இருக்கு. 1986ல கனடாவுல ஹன்சிக்கர், பார்னு ரெண்டு பேரு 99 அம்மா-குழந்தைய ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்ப மட்டும் குழந்தை அழாத நேரத்துலயும் கூடுதலா தூக்கி வெச்சுக்க சொல்லியிருக்காங்க. அதிகமா தூக்கின குழந்தைங்க ஆறாவது வாரத்துல 43 சதவீதம் கம்மியா அழுதிருக்கு, சாயங்கால நேரத்துல 51 சதவீதம் கம்மி. இத படிச்சப்ப எனக்கு மாமா நெஞ்சும் விளையாட்டு பக்கமும் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒன்பது பேரு மாத்தி மாத்தி தூக்கினதுல அங்க அந்த உச்சி மழுங்கி போயிருக்கு, இங்க ரெண்டே கை, அதுல ஒரு கை துணி மடிக்குது. கைச்சூடு பழகி கெட்டு போகலங்க. அந்த வயசு குழந்தைக்கு "நான் அழுதா தூக்குவாங்க"ன்னு திட்டம் போட மூளை வளரவே இல்ல. கை தேவையா இருந்துச்சு, அங்க கெடச்சுது, இங்க குறைஞ்சிடுச்சு. அவ்ளோ தான் கணக்கு.

இது புரிஞ்ச உடனே எனக்கு பாதி பாரம் எறங்கிடுச்சு. பாப்பா அழறது நிக்கல, ஆனா என்ன தப்பு பண்ணேன்னு தேடறது நின்னுடுச்சு. துணில கட்டி நெஞ்சோட தூக்கிக்கற அந்த கேரியர், பரிசா வந்து பெட்டி கூட பிரிக்காம கெடந்துச்சு, அத எடுத்தேன். முகம் எனக்கு தெரியற மாதிரி, தாடை நெஞ்சுல இடிக்காத மாதிரி, முத்தம் குடுக்கற உயரத்துல உச்சந்தலை இருக்கற மாதிரி கட்டிக்கிட்டு வீட்டு வேலைய பாத்தேன். அடுப்பு பக்கம் மட்டும் போறதில்ல.

இன்னொன்னு, சத்தம். எல்லாரும் குழந்தை இருக்கற வீடு அமைதியா இருக்கணும்னு சொல்றாங்க, நாங்களும் திரும்பி வந்து கதவ கூட மெதுவா சாத்தினோம். ஆனா அவ வாழ்க்கைல அமைதிய எப்ப பாத்திருக்கா? வயித்துக்குள்ள இருந்தப்ப என் இதயம் அடிக்கற சத்தம், ரத்தம் ஓடற சத்தம், அப்பறம் ஒன்பது பேரோட பேச்சு சத்தம். இங்க வந்து தான் அமைதி, அது தான் அவளுக்கு புதுசு, ஒரு கரண்டி கீழ விழுந்தாலும் தூக்கி வாரி போட்டு கைய விரிச்சா. பகல்ல ரேடியோவ கொறச்சு வெச்சு ஓட விட்டேன். நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது.

ராத்திரி பகல் மாறி போனதுக்கு பெருசா வைத்தியம் எதுவும் இல்ல. பச்ச குழந்தை ஒரு நாளைக்கு 14ல இருந்து 17 மணி நேரம் தூங்கும், ஆனா துண்டு துண்டா தூங்கும், 8ல இருந்து 12 தடவ பால் குடிக்கும், ராத்திரி பகல்னு பிரிச்சு பாக்கற உடம்பு கடிகாரமே ரெண்டு மூணு மாசத்துக்கு அப்பறம் தான் ஓட ஆரம்பிக்குது. இல்லாத கடிகாரத்த எப்படி திருப்பி வெக்க முடியும்? அதுக்கு உதவி தான் பண்ணலாம். காலைல ஒரே நேரத்துக்கு ஜன்னல தொறந்து வெளிச்சத்துல வெச்சேன், நேர் வெயில்ல இல்ல. பகல்ல பால் குடுக்கும்போது பேசினேன், கொஞ்சினேன். ராத்திரி பால் குடுக்கும்போது சின்ன வெளக்கு, பேச்சு கிடையாது, கண்ண கூட பாக்கல, டயப்பர் மலம் இருந்தா மட்டும் மாத்தினேன். ராத்திரி 3 மணிக்கு அவ கண்ண விரிச்சு என்ன பாக்கும்போது கொஞ்சாம இருக்கறது இருக்கே, அது தான் ரொம்ப கஷ்டம். கிட்டத்தட்ட பத்து நாள் கழிச்சு ராத்திரில ஒரு துண்டு தூக்கம் மட்டும் நாலு மணி நேரமா நீண்டுச்சு. என் தங்கச்சி கைக்குழந்தையோட பல மணி நேர வித்தியாசம் இருக்கற நாட்டுக்கு போயிட்டு வந்திருந்தா. பெரியவங்களுக்கே உடம்பு பழகறதுக்கு ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு ஆகும்பாங்க, ஆனா குழந்தை அவளுக்கு முன்னாடி சரியாயிடுச்சு. தங்கச்சி தான் ரெண்டு வாரம் பேய் மாதிரி அலைஞ்சா.

பால் விஷயம் ஒன்னு சொல்லணும், ஏன்னா இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அங்க இருந்தப்ப "நீ ராத்திரி ஒரு வேளையாவது நல்லா தூங்கும்மா"ன்னு அத்தை பாட்டில்ல குடுத்துட்டாங்க, நல்ல மனசு தான், நானும் கும்பிட்டு வாங்கிக்கிட்டு தூங்கினேன். ஆனா பால் சுரக்கறது கேட்டா குடுக்கற கணக்கு, ஒரு வேளை காலியாகலன்னா உடம்பு "சரி இவ்ளோ போதும் போல"ன்னு கொறச்சுக்கும், அதுவும் பால சுரக்க வெக்கற ஹார்மோன் ராத்திரில தான் அதிகம். திரும்பி வந்தப்ப அவளுக்கு பத்தல. மறுபடி அடிக்கடி குடிக்க விட்டு விட்டு தான் ஒரு வாரத்துல பழையபடி வந்துச்சு. அதுவரைக்கும் ஈரமான டயப்பர எண்ணிக்கிட்டு இருந்தேன், ஒரு நாளைக்கு ஆறுக்கு கொறயாம இருந்தா போதும்னு டாக்டர் சொன்னாங்க. ராத்திரி தூங்கணும்னா பிழிஞ்சு வெச்சுட்டு தூங்கலாம், வெளிய நாலு மணி நேரம் தாங்கும், அதுவும் ரூம் 25 டிகிரிக்கு மேல போகாம இருந்தா, ஃப்ரிட்ஜ்ல நாலு நாள். பவுடர் பால்னா கலக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும், வாய் வெச்சதுல மிச்சம் இருந்தா ஒரு மணி நேரத்துல கொட்டிடணும், வழில போகும்போது இத தான் பாதி பேரு மறக்கறாங்க.

கடைசியா என்ன பத்தி. குழந்தை பழைய மாதிரி ஆகறத பத்தி தான் எல்லாரும் கேட்டாங்க, நான் எப்ப பழையபடி ஆவேன்னு யாரும் கேக்கல. ஒன்பது பேரு இருந்த வீட்டுல இருந்து ஆள் பேச்சே இல்லாத வீட்டுக்கு வர்றது, அதுவும் பிரசவம் ஆகி ஆறாவது வாரத்துல, அது ஒரு தனி அடி. பிரசவம் ஆன முதல் ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வர்றது ரொம்ப பேருக்கு சகஜம், அது தானா போயிடும். அதுக்கு மேலயும் இழுத்தா அது வேற. எனக்கு திரும்பி வந்த ரெண்டாவது வாரத்துல பாப்பா தூங்கும்போது கூட தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, போன் அடிச்சா எடுக்க பயமா இருந்துச்சு. டாக்டர் ஒரு தாள் குடுத்தாங்க, பத்தே பத்து கேள்வி, 1987ல இருந்து புழக்கத்துல இருக்கற எடின்பரோ ஸ்கேல்னு பேரு, பிரசவத்துக்கு அப்பறம் வர்ற மன அழுத்தம் இருக்கான்னு பாக்கறதுக்கு, போன ஏழு நாள்ல எப்படி இருந்தீங்கன்னு கேக்கும். நான் அத நிரப்பிட்டு நிமிந்து பாத்தப்ப என் வீட்டுக்காரரு முகம் மாறி போயிருந்துச்சு, பக்கத்துல உக்காந்து படிச்சிருக்காரு. அடுத்த நாள்ல இருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடறாரு. மருந்து தேவைப்படல எனக்கு, தேவைப்பட்டிருந்தா சாப்பிட்டிருப்பேன், அதுல வெட்கப்பட என்ன இருக்கு.

இப்ப பாப்பாவுக்கு மூணு மாசம் ஆக போகுது. சாயங்கால அழுகை போன இடம் தெரியல. அடுத்த தடவ எப்ப வர்றீங்கன்னு அத்தை கேக்கறாங்க, கண்டிப்பா போவோம், எனக்கும் தலைய காய வெக்கணும்ல. ஆனா இந்த தடவ ஒரு கண்டிஷன் போட்டிருக்கோம்: திரும்பி வரும்போது அங்க இருந்து ஒருத்தர் எங்க கூட வந்து பத்து நாள் இருந்துட்டு போகணும். நாத்தனார் வர்றேன்னு சொல்லிட்டாங்க. போகும்போது கூட்டிட்டு போக ஸ்டேஷனுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நாலு பேரு வர்றாங்க, திரும்பி வரும்போது தான் ஆளு வேணும். கூட வர முடியாதவங்க போன்லயாவது "இங்க நல்லா தான இருந்தா"வ விட்டுட்டு "நீ சாப்ட்டியா"ன்னு ஆரம்பிக்கலாம்.

ஆசிரியர் சார், இத பிரசுரிச்சீங்கன்னா ஒரே ஒரு வேண்டுகோள். தயவு செஞ்சு பெண்கள் பக்கத்துல போடாதீங்க. விளையாட்டு பக்கத்துல ஓரமா ஒரு பத்தி இடம் இருந்தா அதுல போடுங்க. எங்க மாமா அந்த பக்கம் தான் படிப்பாரு, சத்தமா படிப்பாரு, வீட்டுல ஒன்பது பேருக்கும் கேக்கும்.

இப்படிக்கு,
மூணு மாச குழந்தையோட அம்மா